பவுனும் ரூபாயும்



நகைக்கடைக்குச் செல்வோர் பொன்னைப் பவுன் கணக்கிலோ சவரன் கணக்கிலோ கேட்பது நம் நாட்டுப் பழக்கம். இவ்விரு சொற்களும் இங்கிலாந்தின் பொன் நாணயத்தைக் குறித்து வந்தவை. எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைந்த எடையுள்ள அந்நாணயம் ஒரு காலத்தில் இந்நாட்டிலும் சட்டப்படி செல்லும் பணமாக இருந்தது. 1899-ஆம் ஆண்டில் அதற்கு 15 ரூபாய் என்று அரசினர் மதிப்பு வரையறுத்தனர். அந்தப் பதினைந்து எங்ஙனம் வந்தது, பின்னர் ஏன் மாறிற்று, அம்மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையே இன்று கூற விழைகின்றேன்.

பழைய ரூபாய் ஒரு தோலா எடையுடையது. அதன் 180 கிரெயினில் 165 கிரெயின் தூய வெள்ளி. பவுனோ பொன். ஆதலின் வெள்ளியின் விலை ஏறினால் ரூபாய் ஏறும்; இறங்கினால் இறங்கும். 1870 வரையில் ரூபாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 ஷில்லிங் கிடைத்துவந்தது. அதன் பின்னர் ஜெர்மனி பொன் நாணயத்தை மேற்கொண்டு தன் வெள்ளியை விற்கத் தலைப்பட்டது. அமெரிக்கச் சுரங்கங்களும் வெள்ளியைக் குவித்தன. வெள்ளியோடு ரூபாயும் சரிந்தது.

இந்திய அரசு ஆண்டுதோறும் இலண்டனுக்குப் பவுனாகப் பணம் கட்டிவந்தது. இங்கிருந்து ஓய்வுபெற்றுச் சென்ற அதிகாரிகளின் பென்ஷன், இரயில்பாதைக் கடனின் வட்டி, இந்தியா மந்திரி அலுவலகத்தின் செலவு எல்லாம் அதில் அடங்கும். 1873-74-இல் அனுப்பிய தொகை ஏறத்தாழ 133 இலட்சம் பவுன். அதற்குச் செலவானது 14¼ கோடி ரூபாய். 1892-93-இல் அனுப்பியது 165 இலட்சம் பவுன்; செலவானதோ 26½ கோடி ரூபாய்! பழைய விகிதமே நிலைத்திருப்பின் 17¾ கோடியே போதுமானது. எஞ்சிய எட்டேமுக்கால் கோடியும் வெள்ளியின் வீழ்ச்சி விழுங்கியது. அதனை ஈடுசெய்ய வேண்டியவர் வரி கட்டும் குடிமக்களே.

1893-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரசினர் ஒரு வழி கண்டனர். அதுவரை எவரும் வெள்ளியைக் கொண்டுசென்று கொடுத்து, கூலி கட்டி, ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். அந்த உரிமையை அடைத்துவிட்டனர். ரூபாய் அரிதாகவே அதன் மதிப்பு உயர்ந்து, 1898-இல் 1 ஷில்லிங் 4 பென்ஸை எட்டியது. பவுனுக்குப் பதினைந்து ரூபாய் என்பது இக்கணக்கே. ஆனால் ஏழைக் குடியானவளின் காலிலும் கையிலும் இருந்த தண்டையும் காப்பும் அன்றுமுதல் வெறும் வெள்ளியாயின. ரூபாயாக மாறும் உரிமையை இழந்தன. இவ்விழப்பை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் காண இயலாது.

இந்த விகிதத்தில் ஓர் எளிமை உண்டு. ஓர் அணாவுக்குச் சரியாக ஒரு பென்னி. என் பாட்டனார் படித்த கணக்குப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அதில் பவுன் கணக்குகள் யாவும் வழுக்கிக்கொண்டு விடைக்கு வந்து நின்றன. பின்வந்த விகிதத்தில் மாணாக்கர் பட்ட பாட்டை ஆசிரியனாகிய நான் ஊகித்துக்கொள்வேன்.

முதல் உலகப்போரில் வெள்ளி விலை தலைகீழாக ஏறிற்று. ரூபாயும் உடன் ஏறிற்று. 1920-இல் அரசினர் 2 ஷில்லிங் என்று வரையறுத்து, அதைக் காக்க ஐந்தரைக் கோடி பவுனுக்கு மேல் விற்றுத் தோற்றனர். அடுத்த ஆண்டே ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. உயர்ந்த விகிதத்தை நம்பிச் சீமைத் துணிக்கு ஆர்டர் கொடுத்த வணிகர் பலர் சரக்கை ஏற்க மறுத்தனர்.

பெரும்போர் இதன் பின்னரே மூண்டது. ஹில்டன் யங் கமிஷன் 1926-இல் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பரிந்துரைத்தது. உறுப்பினருள் ஒருவரான சர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் உடன்படாது, பழைய 4 பென்ஸே வேண்டும் என்று தனிக்குறிப்பு எழுதினார். இரண்டு பென்ஸுக்கா இத்தனை வழக்கு என்று வியப்பீர்கள். கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி லிவர்ப்பூலில் ஒரு பவுனுக்கு விலைபோயிற்று என்று கொள்வோம். பழைய விகிதத்தில் நம்மவர் கைக்கு வருவது 15 ரூபாய். புதிய விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பை. பவுனுக்கு 1 ரூபாய் 10 அணா 8 பை குறைவு. அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. கிஸ்தியோ, இலேவாதேவிக்காரரின் வட்டியோ அங்ஙனம் குறையவில்லை. மறுபுறம், மான்செஸ்டர் துணி மலிந்தது. இலண்டனுக்குக் கட்டும் தொகையும் ரூபாய்க் கணக்கில் இளைத்தது.

விலைகளும் கூலியும் புதிய விகிதத்துக்கு முன்னரே இணங்கிவிட்டன என்பது கமிஷனின் வாதம். அதனை முற்றும் பொய் எனத் தள்ளுவதற்கில்லை. எதிர்த்தவருள் பம்பாய் ஆலை முதலாளிகள் பலர் இருந்தனர் என்பதும், அவர்களுக்குத் தம் ஆதாயமும் கண்ணில் இருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் கடனைக் குறைக்காமல் வரவை மட்டும் குறைப்பது குடியானவனுக்கு நீதியன்று என்றே எனக்குப் படுகிறது. சட்டசபையில் மிகச் சில வாக்கு வேற்றுமையில் 1927-இல் 6 பென்ஸ் வென்றது.

நான்கே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வந்து தானிய விலை படுத்தது. 1931 செப்டம்பரில் இங்கிலாந்தே பொன்னைக் கைவிட்டது; பொன் விலை ஏறியது. கிஸ்திக்கும் கடனுக்கும் வழியற்ற குடும்பங்கள் நகைகளை விற்றன; அப்பொன் கப்பலேறிச் சென்றது. விகிதம் மட்டும் அசையவில்லை.

அதைவிட வியப்பு, ஆங்கிலேயர் போன பின்னும் அது போகவில்லை. 1949-இல் பவுன் மதிப்பிறங்கியபோது ரூபாயும் அதே அளவில் இறங்கியதால் இரண்டுக்கும் இடையே இருந்த கணக்கு மாறவில்லை. 1957-இல் அணாவும் பையும் போய் நயா பைசா வந்தது. 13 ரூபாய் 5 அணா 4 பை என்பது 13 ரூபாய் 33 பைசா ஆயிற்று. 1966-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நம் அரசினர் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது ஒரு பவுனுக்கு 21 ரூபாய் என்றாயிற்று. அன்றுதான் அந்தப் பழைய 18 பென்ஸ் ஒழிந்தது. ஷில்லிங்கும் பழைய பென்னியும் இங்கிலாந்திலேயே வழக்கொழிந்தது அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1971 பிப்ரவரியில்.