ரோபோட் என்னும் சொல்

எந்திர மனிதனை ‘ரோபோட்’ என்கிறது ஆங்கிலம். இரும்பிலே பிறந்த பெயரா அது? இல்லை! பொகீமிய உழவனின் முதுகிலே பிறந்தது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்பது பண்ணைப் பிரபுவின் நிலத்தில் குடியானவன் கூலியின்றிச் செய்த கட்டாய ஊழியம். 1775-இல் உழவர் கிளர்ந்தெழுந்த பின்னரே, வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் கூடாதென வரம்பு கட்டினார் அரசி மரியா தெரேசா. கருணையாம்! ஒழிந்ததோ 1848-இல்தான்.

ருசிய மொழியில் இதன் உடன்பிறப்பான ‘ரபோத்தா’ வெறும் வேலையைக் குறிக்கும். ஆனால் அங்கும் ‘ராப்’ என்றால் அடிமை. ஜெர்மானியரின் ‘ஆர்பைட்’டும் இந்தக் குடும்பமே.

1920-இல் காரெல் சாப்பெக் தம் நாடகத்தின் செயற்கை உழைப்பாளிகளுக்குப் பெயர் தேடினார். அண்ணன் யோசெப் தந்ததே ‘ரோபோட்’. அந்த நாடகத்தில் அவர்கள் இரும்பாலானவர் அல்லர்; உயிர்ப்பொருளால் ஆனவர்கள். ஏவியவர்களை எதிர்த்து எழுகிறார்கள்.