இடது காலுக்குக் கிடைத்த இடம்

கிளட்ச்சுக்கு இடப்புறம், எதையும் இயக்காமல் சும்மா நிற்கும் கால்தாங்கியை 'டெட் பெடல்' என்கிறார்கள். அதை அலுமினியத்தில் மாற்றிப் பொருத்துவது இன்று சீட் கவர், ஸ்டிக்கரோடு சேர்ந்த அலங்காரச் செலவாகவே எண்ணப்படுகிறது. இது சரியல்ல. இடது கால் பார்த்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைக்கும் இயந்திரத்துக்கும் போன பிறகு, அந்தக் காலை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்குக் கார் வடிவமைப்பு வெகு தாமதமாகச் சொன்ன பதில்தான் இந்தக் கால்தாங்கி.

தொடக்கத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் இடது மிதி கியருக்கு, நடு மிதி ரிவர்ஸுக்கு, வலது மிதி பிரேக்குக்கு. வேகத்தைக் கூட்டுவது கையால். மேட்டில் லோ கியரில் ஏற வேண்டுமென்றால், ஏறி முடியும்வரை இடது மிதியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். 1916 கேடிலாக் டைப் 53, 1922 ஆஸ்டின் செவன் ஆகியவற்றின் வழியாக இன்றைய கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் வரிசை நிலைபெற்ற பிறகும் இடது காலை விட்டுவிடவில்லை. நம் பழைய அம்பாசடரில் ஹெட்லைட் டிப்பர் தரையில்தான் இருந்தது. கிளட்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சிறு உலோகக் குமிழ். எதிரே லாரி வரும்போதெல்லாம் ஷூ நுனியால் அழுத்த வேண்டும், லாரி கடந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். இரவில் ஓட்டுபவரின் இடது காலுக்கு ஓயாத வேலை. பிறகு டிப்பர் ஸ்டியரிங் பக்கத்துக்கு ஏறிவிட்டது. அமெரிக்காவிலோ 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ராமேட்டிக் கியர், கிளட்ச் மிதியையே எடுத்துவிட்டது.

கிளட்ச் உள்ள கார்களில், வேலையில்லாத கால் அந்த மிதியின் மேலேயே உட்காரும். லேசாகப் பட்டாலும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசும். அழுத்தம் கூடினால் கிளட்ச் பிளேட் வழுக்கித் தேயும். நாற்கரச் சாலையில் டாப் கியரில் மணிக்கணக்காக ஓடும் காலத்தில் இது சிறிய நஷ்டமல்ல. தரையில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். வளைவில் உடல் ஒருபக்கம் சரியும்போது தட்டையான தரையில் கால் ஊன்ற முடியாது. ஓட்டுபவர் ஸ்டியரிங்கையே பிடிமானமாக்கிக்கொள்வார். சாய்வான பலகையை உதைத்து ஊன்றினால் இடுப்பு சீட்டோடு பதியும், கைகள் ஸ்டியரிங்கைத் திருப்ப மட்டும் இருக்கும். ரேஸ் ஓட்டுநர்கள் இதை விரும்புவது இதனால்தான். அதற்காக இது ரேஸ் கார் மோகம் ஆகிவிடாது. ஊட்டி மலைப்பாதையில் குடும்பத்தோடு போகிறவருக்கும் அதே வளைவுதான்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. இடப்புற ஸ்டியரிங் கார்களில் முன்சக்கர வளைவின் உட்பக்கம் ஓட்டுபவரின் இடது காலருகே வரும். பாதத்துக்குத் தானாக ஒரு சாய்மானம் கிடைக்கும். வலப்புற ஸ்டியரிங்கில் அந்த வளைவு ஆக்ஸிலரேட்டர் பக்கம் வந்து மிதிகளை நடுப்பக்கம் நெருக்குகிறது. இடது காலுக்கு மிஞ்சுவது கிளட்ச்சுக்கும் நடுமேட்டுக்கும் இடையிலுள்ள சந்து. 1983இல் வந்த மாருதி 800 போன்ற சின்னக் கார்களில் கால்தாங்கி இல்லாமற்போனதில் வியப்பில்லை.

மிதிகளுக்கு அருகே வெளிப்பொருள் எதையும் வைக்கக்கூடாது என்ற ஆட்சேபம் வலுவானது. தரைவிரிப்பு ஆக்ஸிலரேட்டரில் சிக்கும் அபாயத்துக்காக 2009இல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் கார்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பை வெளியிட்டது. ஆகவே மாற்றுங்கள், ஆனால் உங்கள் காருக்கென்றே செய்ததை வாங்குங்கள். வழவழப்பான அலுமினியம் ஈரச் செருப்பில் வழுக்கும். ரப்பர் குமிழ் பதித்ததைக் கேளுங்கள். கார்பெட்டின் மேல் பசையால் ஒட்டாமல் போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் கிளட்ச்சைக் கடைசிவரை மிதித்துப் பாருங்கள். ஷூவின் ஓரம் புதிய பிளேட்டில் இடித்தால், அங்கேயே கழற்றச் சொல்லிவிடுங்கள்.