கண்ணாடித் தொட்டியும் குளத்து நத்தையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மாநகரத்து வீடுகளில் கண்ணாடிக் கிண்ணங்களில் தங்கமீன் வளர்க்கும் வழக்கம் இருந்ததேனும், தண்ணீரை அடிக்கடி மாற்றாவிடில் அம்மீன்கள் மூச்சுத் திணறி மாண்டுபோயின. அடைபட்டுக் கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் சுவாசிக்கத் தக்கதாக்கிவிடுகிறது என்பதை 1771-ஆம் ஆண்டிலேயே ஜோசப் பிரீஸ்ட்லி கண்டிருந்தார். அதற்குச் சூரிய வெளிச்சம் இன்றியமையாதது என்பதை 1779-இல் இங்கன்ஹவுஸ் நிரூபித்தார். ஆகவே செடியையும் மீனையும் ஒரே நீரில் வைத்தால், மீன் விடும் கரியமிலவாயுவைச் செடியும், செடி விடும் பிராணவாயுவை மீனும் ஏற்று, இரண்டும் ஒன்றையொன்று வாழ்விக்கும் என்று ரசாயன சாஸ்திரிகள் எதிர்பார்த்தது நியாயமே.

அந்த எதிர்பார்ப்பை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களுள் முக்கியமானவர், லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தின் மாளிகையில் ரசாயன நிபுணராக விளங்கிய ராபர்ட் வாரிங்டன். 1849-ஆம் ஆண்டில், ஏறக்குறைய 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் பாதியளவு ஊற்றுநீர் நிரப்பி, அடியில் மணலும் சேறும் பரப்பி, சுண்ணாம்புக் கற்களை அடுக்கி, வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற இலையுடைய நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை அதில் விட்டார். சில காலம் யாவும் செவ்வனே நடந்தன. பின்னர் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கவே, தண்ணீர் கலங்கிற்று. சுவரெங்கும் பாசி படர்ந்தது. மீன்களின் உயிருக்கே ஆபத்து நேரும் போலாயிற்று.

இயற்கையான குளத்தில் இவ்வழுகலை அகற்றுவது யார் என்று சிந்தித்த வாரிங்டன், ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொணர்ந்து பாத்திரத்தில் சேர்த்தார். நத்தையின் வாயினுள் நாவைப் போன்ற ஒரு பட்டை உண்டு. அதன்மேல் நுண்ணிய பற்கள் வரிசை வரிசையாய் அமைந்துள்ளன. கண்ணாடியின்மீது அது ஊர்ந்து செல்லுகையில் மறுபுறமிருந்து உற்றுநோக்கினால், வாய் திறப்பதும், பட்டை வெளிவந்து பாசியைச் சுரண்டி உள்ளே இழுப்பதும், அது கடந்த வழியெல்லாம் கண்ணாடி துலங்குவதும் நன்கு புலப்படும். இவ்வாறு அழுகிய இலையும் பாசியும் நத்தைக்கு உணவாயின; நத்தையின் கழிவு செடிக்கு எருவாயிற்று; நத்தை இட்ட முட்டைகளும் மீன்களுக்கு இரையாயின; நீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றிச் சமநிலை இல்லை என்ற இவ்வுண்மையை 1850-இல் ரசாயனச் சங்கத்தின் சஞ்சிகை வெளியிட்டது.

காலமும் இம்முயற்சிக்கு அனுகூலமாயிருந்தது. கண்ணாடிமீது இருந்த வரி 1845-இல் நீக்கப்பட்டதால் அதன் விலை இறங்கியிருந்தது. 1853-இல் ரீஜண்ட்ஸ் பூங்காவின் மிருகக்காட்சி சாலையில் நீர்வாழ் உயிர்களுக்கென ஒரு மண்டபம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைச் சேகரித்தளித்த பிலிப் ஹென்றி காஸ், மறு ஆண்டில் எழுதிய நூலினால் இங்கிலாந்து முழுவதும் மீன் தொட்டி மோகத்தைப் பரப்பினார். கடல்நீர்த் தொட்டிகளிலும் பாசியை மேயும் கடல் நத்தைகளே துப்புரவுப் பணியை ஏற்றன.

மின்சாரப் பம்பும் வடிகட்டியும் வந்தபின், நத்தையைச் செடியோடு ஒட்டிவந்த தொல்லையாகக் கருதுவோர் பெருகிவிட்டனர். நத்தைகள் அளவுக்கு மீறிப் பெருகுமாயின் பெரும்பாலும் குற்றம் அவற்றினது அன்று. மீன்களுக்கு நாம் மிகையாக இரை போடுகிறோம் என்பதே அதன் பொருள். வாரிங்டனின் பாத்திரத்தில் கிடந்த சுண்ணாம்புக் கற்களையும் நாம் மறத்தலாகாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரில் நத்தையின் ஓடு அரிபட்டுப்போகும். மீன்நோய்க்கென ஊற்றும் மருந்தில் தாமிரம் கலந்திருக்குமாயின் அது நத்தைக்கு நஞ்சாகும். ஆதலின் வீட்டில் தொட்டி அமைப்போர் மீனுக்குக் காட்டும் அக்கறையை நத்தைக்கும் காட்டுவார்களாக. நீர் மாற்றாமலே மீன் வாழும் தொட்டியை வாரிங்டனுக்குச் சாத்தியமாக்கியது அந்தச் சிறு பிராணியே.