'ஓடு' போய் 'ஐ' வந்த கதை

"ரவுடியை என்கவுன்ட்டர் செய்தது போலீஸ்." காலைக் காப்பியோடு இந்த வரியைத் தாண்டிப் போகிற யாரும் நின்று இலக்கணம் பார்ப்பதில்லை. பார்த்தால் ஓர் உறுத்தல் தெரியும். என்கவுன்ட்டருக்குத் தமிழில் 'மோதல்' என்று பொருள் சொல்கிறோம். மோதினால் 'ஓடு' வர வேண்டும்: ரவுடி போலீஸோடு மோதினான், போலீஸ் ரவுடியோடு மோதியது. ஆனால் என்கவுன்ட்டர் வந்ததும் 'ஓடு' காணாமல் போய் அந்த இடத்தில் 'ஐ' உட்கார்ந்துகொள்கிறது. இருவர் சேர்ந்து நடத்திய காரியம், ஒருவர் மற்றவருக்குச் செய்த காரியமாகிவிடுகிறது.

'சந்தித்தார்' என்பதற்கும் 'ஐ' உண்டே என்று தமிழாசிரியர் ஒருவர் கையைத் தூக்கலாம். உண்டுதான். ஆனால் சந்திப்பைத் திருப்பிப் போடலாம். இவர் அவரைச் சந்தித்தால் அவரும் இவரைச் சந்தித்ததாகத்தான் கணக்கு. என்கவுன்ட்டரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். "போலீஸை ரவுடி என்கவுன்ட்டர் செய்தான்" என்று எந்த நிருபரும் எழுத மாட்டார், துப்பாக்கிச் சண்டையில் போலீஸ்காரரே இறந்திருந்தாலும்.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். 'காண்ட்ரா' என்றால் எதிர். அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, எதிரிகள் நேருக்கு நேர் சந்திப்பதைக் குறித்தது; பிறகு எதிர்பாராத எந்தச் சந்திப்புக்கும் ஆயிற்று. இதே வேரில் பிறந்த ஸ்பானிய, இத்தாலியச் சொற்கள் இன்றும் சாதுவானவை. காதலர் சந்திப்புக்கும் அவை பொருந்தும். நம் ஊர் நகைச்சுவையில் ஒருவர் பேச்சுக்கு மற்றவர் 'கவுன்ட்டர்' கொடுக்கிறாரே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டர் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை: எண்ணுவதைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் வேரிலிருந்து, காசு எண்ணும் மேசையாக வந்தது.

இந்தியாவில் இந்தச் சொல் காவல் துறைச் சொல்லாகக் கெட்டிப்பட்டது நக்சல்பாரி எழுச்சியை ஒட்டிய ஆண்டுகளில். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், மேற்கு வங்கம், கேரளத்து வயநாடு என்று காட்டோரத்து மரணங்கள் 'என்கவுன்ட்டர்' என்ற தலைப்பில் பதிவாயின. நெருக்கடிநிலைக் காலத்து ஆந்திர என்கவுன்ட்டர்களை விசாரிக்க 1977-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் ஏற்பாட்டில் தார்குண்டே குழு அமைந்தது. அதற்குள் சொல்லோடு 'போலி' என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல நெய்க்குப் போலி உண்டு, மருந்துக்குப் போலி உண்டு. சந்திப்புக்கும் போலி வந்தது இங்கேதான் போலும்.

அண்டை மொழிகள் இதற்குத் தங்கள் சரக்கிலிருந்தே சொல் எடுத்தன. தெலுங்கில் 'எதுரு கால்புலு', அதாவது எதிர்ச்சூடு. மலையாளத்தில் 'ஏற்றுமுட்டல்', தமிழ்க் காதுக்கே விளங்கும். இந்தியில் 'முட்பேட்', முஷ்டியோடு முஷ்டி மோதும் கைகலப்பு. மூன்றிலும் இரண்டு தரப்பு இருந்தே ஆக வேண்டும். தமிழிலும் 'மோதல் சாவு', 'போலி மோதல்' என்று மனித உரிமை அமைப்பினர் விடாமல் எழுதுகிறார்கள். தெருவில் அது ஓடவில்லை. மோதலே நடக்கவில்லை என்று நினைக்கிறவருக்கு 'மோதல்' என்று சொல்ல வாய் வருமா? அர்த்தம் தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. அதற்குள் நமக்குத் தெரிந்த அர்த்தத்தை வைத்துக்கொள்ளலாம்.

யார் தாக்கினார், யார் காத்தார் என்பதில் பழந்தமிழ் மிகக் கறாராக இருந்தது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. புறப்பொருள் வெண்பாமாலையின் கணக்கில் ஆநிரை கவர்ந்தவனுக்கு வெட்சிப்பூ, மீட்டவனுக்குக் கரந்தைப்பூ. படையெடுத்துப் போனவன் வஞ்சி சூடினான், எதிர்நின்று காத்தவன் காஞ்சி சூடினான். இருவரும் ஒரு களத்தில் குறித்து நின்று பொருதால்தான் தும்பை. என்கவுன்ட்டர் அறிக்கை ஒவ்வொன்றும் தும்பை சூடிக்கொண்டுதான் வருகிறது. ஆயுதத்தை எடுத்துக் காட்ட அழைத்துச் சென்றபோது, கைதி போலீஸாரைத் தாக்கித் தப்பியோட முயன்றதால், தற்காப்புக்காகச் சுட்டனர் என்ற வாசகம் ஊர் மாறும், பெயர் மாறும், தான் மாறாது.

தமிழ் நாளிதழ்கள் இன்னொரு வேறுபாட்டையும் ஓசையில்லாமல் காத்து வருகின்றன. கூட்டத்தின் மீது சுட்டால் 'துப்பாக்கிச் சூடு'. முந்தைய தலைமுறைப் பத்திரிகை நடையில் 'துப்பாக்கிப் பிரயோகம்'. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின்போது நடந்ததை யாரும் என்கவுன்ட்டர் என்று சொல்வதில்லை. பெயர் தெரிந்த ஆளைச் சுட்டால்தான் என்கவுன்ட்டர். உயிர் போகாவிட்டால் 'சுட்டுப் பிடித்தனர்'. துப்பாக்கியே வேண்டாம் என்றால் 'மாவுக்கட்டு': பிடிபட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் செய்தி வரும், கட்டுப்போட்ட கையோடு படமும் வரும். காவல் நிலையத்துக் குளியலறைகளில் கைதிகள் மட்டுமே வழுக்கி விழுவது எப்படி என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது.

மும்பைக்குத்தான் இந்தச் சொல்லை ஒரு தொழிலாக்கிய பெருமை. 1982 ஜனவரி 11-இல் வடாலாவில் மன்யா சுர்வே சுடப்பட்டதை அந்த நகரத்தின் முதல் என்கவுன்ட்டர் என்பார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் 'என்கவுன்ட்டர் ஸ்பெஷலிஸ்ட்' பிறந்துவிட்டார். ஆளுக்கு எத்தனை என்று பத்திரிகைகள் கிரிக்கெட் ஸ்கோர் போல எழுதின. எதிர்பாராமல் நேர்வதில் ஒருவர் எப்படி நிபுணர் ஆவார் என்ற கேள்வியைச் சொல்லின் பழைய பொருள் கேட்டிருக்கும். ஆனால் அது எப்போதோ இறந்துபோயிருந்தது. அந்த நிபுணர்களில் பேர்போன பிரதீப் சர்மாவுக்கு, 2006-இல் லக்கன் பையா என்ற ராம்நாராயண் குப்தா கொல்லப்பட்ட வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. கீழ் நீதிமன்றம் அவரை விடுவித்திருந்தது.

தமிழ் சினிமா இந்தச் சரக்கை உடனே வாங்கிக்கொண்டது. 2003-இல் 'காக்க காக்க'. பிறகு வந்த தலைப்புகளில் 'வேட்டை' தொற்றிக்கொண்டது: 'வேட்டையாடு விளையாடு', 'வேட்டையன்'. வேட்டைக்கும் 'ஐ'தான் வரும். மானோடு யாரும் வேட்டையாடுவதில்லை. ஆனால் 'வேட்டையன்' கதை, சுட்ட ஆள் நிரபராதி என்று தெரிந்த பிறகு அதிகாரிக்கு ஏற்படும் தடுமாற்றத்தைப் பற்றியது. வெற்றிமாறனின் 'விசாரணை' போலி என்கவுன்ட்டரை உள்ளேயிருந்தே காட்டியது.

சென்னைக்காரர்கள் மறக்காத தேதி ஒன்று உண்டு. 2012 பிப்ரவரி 23 அதிகாலை, வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளைகளில் தேடப்பட்ட 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று கைதட்டியவர்களும் இருந்தார்கள், ஐந்தில் ஒருவரைக்கூட உயிரோடு பிடிக்க முடியவில்லையா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் ஒருவரை வன்புணர்ந்து கொன்ற வழக்கில் கைதான 4 பேர் சுடப்பட்டபோது, மக்கள் போலீஸார் மீது பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல், அந்த நால்வரும் வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்றும், 10 போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது.

சட்டப் புத்தகத்தில் இப்படி ஓர் அதிகாரமே கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 43-ஆம் பிரிவும் கைதுக்குத் தேவையான பலத்தை அனுமதிக்கின்றன. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்கும் உரிமை அதில் இல்லை என்றும் சொல்கின்றன. மிச்சமிருப்பது எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள அதே தற்காப்புரிமை. 2014 செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகளை வகுத்தது: முதல் தகவல் அறிக்கை வேண்டும், சிஐடியோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும், நடுவர் விசாரணை வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. பதக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு விதி எழுத நேர்ந்ததே, அதுவரை என்ன வழக்கம் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

இப்போது இந்தச் சொல் எதிர்காலத்துக்கும் போய்விட்டது. "என் மகனை என்கவுன்ட்டர் செய்துவிடுவார்கள்" என்று பெற்றோர் நீதிமன்றத்தில் முன்கூட்டியே மனுப் போடுகிறார்கள். தற்செயலுக்கு முன்கூட்டி மனுப் போட முடியாது. ஆகவே அந்த மனுவை எழுதும் வழக்கறிஞர், எதிர்த்து வாதாடும் அரசுத் தரப்பு, கேட்கும் நீதிபதி என்று எல்லாருக்கும் அந்த 'ஐ'யின் பொருள் தெரியும்.

வயநாட்டுத் திருநெல்லிக் காட்டில் 1970 பிப்ரவரி 18-இல் இறந்த நக்சல் தலைவர் வர்கீஸைப் பற்றிய அரசு அறிக்கை, போலீஸாரோடு நடந்த மோதலில் இறந்தார் என்றது. அந்த 'ஓடு' 28 ஆண்டுகள் நின்றது. 1998-இல் மத்திய ரிசர்வ் போலீஸில் காவலராக இருந்த ராமச்சந்திரன் நாயர் வாய் திறந்தார்: உயிரோடு பிடிபட்ட வர்கீஸை மேலதிகாரி உத்தரவின்பேரில் தானே சுட்டதாகச் சொன்னார். அந்த வழக்கில் அவரும் குற்றவாளிக் கூண்டுக்கு வந்தார். தீர்ப்புக்கு முன்பே, 2006-இல் இறந்துபோனார். உத்தரவிட்ட லட்சுமணா, ஐ.ஜி.யாக ஓய்வு பெற்றிருந்தவர், 2010-இல் ஆயுள் தண்டனை பெற்றார். 2021-இல் கேரள அமைச்சரவை வர்கீஸின் உடன்பிறந்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க முடிவு செய்தது.