ரெண்டாவது குண்டு

எனக்குச் சொந்த ஊர் அரியலூர். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பக்கம் போனா கல்லோட கல்லா சிப்பி, நத்தை எல்லாம் உறைஞ்சு கிடக்கும். ஏழெட்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி ஊரே கடலுக்கடியில இருந்ததுக்கு அதுதான் சாட்சி. இன்னிக்கு கடலைப் பாக்கணும்னா பஸ் மாறி மாறிப் போகணும். ஆனாலும் 1025-வாக்கில் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பின ராஜேந்திர சோழனோட தலைநகரம், கங்கைகொண்ட சோழபுரம், எங்க மாவட்டத்துல தான் இருக்கு. அந்த உரிமையில போர்க்கப்பல் பத்தி கொஞ்சம் பேசிக்கறேன் :)

விஷயம் ரயில்கன். வெடிமருந்தே இல்லாத பீரங்கி. ரெண்டு உலோகத் தண்டவாளம், நடுவுல ரெண்டையும் தொட்டுக்கிட்டு ஒரு உலோகத் துண்டு. ஒரு தண்டவாளம் வழியா மின்சாரம் போய், துண்டைக் கடந்து, இன்னொண்ணு வழியா திரும்பி வரும். அப்போ உண்டாகிற காந்தப்புலம் துண்டை முன்னாடி தள்ளும். மின்னோட்டம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்கு. பேப்பர்ல பாத்தா அவ்ளோ அழகு!

இங்க ஒரு சின்ன கொசுவத்தி. 2019, பெரம்பலூர்ப் பக்கம் இஞ்சினியரிங் கடைசி வருஷம். நாங்க நாலு பேர் இதையே ப்ராஜெக்டா எடுத்தோம். ரிச்சி தெருவுல வாங்கின கெப்பாசிட்டர், தாமிரப் பட்டை, அலுமினியத் துண்டு. முதல் தடவை 'டப்'னு ஒரு சத்தம், நீல வெளிச்சம். துண்டு நகரவே இல்லை, தண்டவாளத்தோட ஒட்டிக்கிச்சு. ஊர்ல வெல்டிங் பட்டறை வச்சிருக்கற அண்ணன்கிட்ட காட்டினேன். சிரிச்சுட்டு, "தம்பி, இதைத்தான் நான் தினமும் காசு வாங்கிட்டுப் பண்றேன்"னாரு.

பட்டையை அரம் போட்டுத் தேய்ச்சு, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி, ஒரு நாள் துண்டு நாலடி தூரம் பறந்துச்சு. நாங்க கத்தின கத்துல லேப் அட்டெண்டர் ஓடி வந்துட்டாரு. ரிப்போர்ட்ல 'வெற்றிகரமாக இயங்கியது'ன்னு எழுதினோம். ஒவ்வொரு தடவையும் பட்டை கருகிப் பள்ளம் விழுந்ததைப் பத்தி ரெண்டு பக்கம் இருந்துச்சு. மார்க் போயிடும்னு அதைத் தூக்கிட்டோம். தூக்கச் சொன்னது நான் தான்.

வைவா அன்னிக்கும் துண்டு பறந்துச்சு. வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் தலையாட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "இன்னொரு தடவை சுடுங்க பாப்போம்?" சுட்டோம். ஒட்டிக்கிச்சு. நாலு பேரும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னோம்.

அப்புறம் பொட்டி தட்டுற வேலைக்கு வந்து, ராத்திரி நேரத்துல கடற்போர் சரித்திரம் படிக்க ஆரம்பிச்சப்போ தான் தெரிஞ்சது, அந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் இல்லை.

நமக்கெல்லாம் தெரிஞ்ச எம்டனையே எடுத்துக்குங்க. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்துக்கு முன்னாடி வந்து நின்ன ஜெர்மன் கப்பல். 10.5 சென்டிமீட்டர் பீரங்கி, சுமார் 130 குண்டு. பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் பத்தி எரிஞ்சுது. ஊரே காலி பண்ணிட்டு ஓடினதும், 'எம்டன்'ங்கிற வார்த்தை தமிழ்லயே தங்கிட்டதும் குண்டு மேல குண்டு விழுந்ததால தான். அதே எம்டன் நவம்பர் 9 அன்னிக்கு கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னிகிட்ட மாட்டுச்சு. முதல் அடி எம்டனோடது தான். ஆனா சிட்னியோட 6 அங்குல பீரங்கிகள் தள்ளி நின்னு விடாம அடிச்சு அதை முடிச்சுது. முதல் குண்டு போட்டவன் ஜெயிக்கலை, கடைசி வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தவன் தான் ஜெயிச்சான்.

இப்போ மின்சாரப் பீரங்கிக்கு வருவோம். 1903-ல நார்வே விஞ்ஞானி பிர்கெலாண்ட், கம்பிச் சுருள் வச்ச தன்னோட மின்காந்தப் பீரங்கியை பெரிய மனுஷங்க முன்னாடி இயக்கிக் காட்டினாரு. ஷார்ட் சர்க்யூட்! பெரிய சத்தம், தீப்பிழம்பு. அவரு எங்களை மாதிரி மறைக்கலை. மின்பொறியை வச்சே காத்துல இருக்கற நைட்ரஜனைப் பிடிச்சு உரம் பண்ற வழியை உருவாக்கினாரு. 1905-ல ஆரம்பிச்ச நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி அதுல பிறந்தது தான்.

அமெரிக்கக் கடற்படை 2005-ல ரயில்கன் திட்டத்தை ஆரம்பிச்சுது. 2010 டிசம்பர்ல 33 மெகாஜூல் சக்தியில சுட்டுக் காட்டினாங்க. ஒரு டன் காரை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டினா தான் ஒரு மெகாஜூல், அப்போ கணக்குப் போட்டுக்குங்க. 100 கடல் மைலுக்கு மேல அடிக்கணும்ங்கிறது இலக்கு. ஆனா லட்சக்கணக்கான ஆம்பியர் பாயறப்போ தண்டவாளம் உருகித் தேயும், ஒண்ணை ஒண்ணு வெளிப்பக்கம் தள்ளும். விடாம சுட்டும் தாங்குற குழாய் அவங்களுக்குக் கைகூடலை. சுமார் 50 கோடி டாலர் செலவு பண்ணிட்டு 2021-ல நிறுத்திட்டாங்க.

ரயில்கன் வைக்கலாம்னு பேசப்பட்ட ஜும்வால்ட் கப்பல் கதை இன்னும் பரிதாபம். 2016-ல படையில சேர்ந்த கப்பல். 78 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும். அதுல ஏற்கனவே இருந்த பீரங்கிக்கான குண்டு ஒண்ணு 8 லட்சம் டாலர் ஆகும்னு தெரிஞ்சு வாங்குறதையே விட்டுட்டாங்க. பீரங்கி இருக்கு, குண்டு இல்லை! பின்னாடி பீரங்கியைக் கழட்டிட்டு ஹைப்பர்சோனிக் ஏவுகணைக்கு இடம் பண்ணாங்க.

அப்போ ரயில்கன் கதை முடிஞ்சுதா? எனக்கு அப்படித் தோணலை. 2023 கடைசியில செங்கடல்ல ஹூதிகளோட மலிவான ட்ரோன்களை வீழ்த்த போர்க்கப்பல்கள் பல லட்சம் டாலர் ஏவுகணைகளைச் செலவழிச்சுது. ஏவுகணை தீர்ந்தா துறைமுகத்துக்குத் திரும்பணும். மறுபடியும் எக்ஸாமினரோட அதே கேள்வி! வெடிமருந்து இல்லாத, நிறைய அடுக்கி வைக்கக்கூடிய மலிவான குண்டுக்கு மவுசு வர்றது இதனால தான்.

ஜப்பான்காரங்க 40 மில்லிமீட்டர் அளவுல சின்னதா ஆரம்பிச்சு, தேய்மானத்தைத் தான் முதல்ல பிடிச்சாங்க. 120 தடவை சுட்டும் தண்டவாளம் தாக்குப் பிடிச்சதுன்னு சொன்னாங்க. 2023 அக்டோபர்ல கப்பல்ல வச்சு சுட்டாங்க. 2025-ல அசுகா கப்பல்ல இருந்து இன்னொரு கப்பலையே குறி வச்சு சோதிச்சாங்க.

வருங்காலப் போர்க்கப்பல்ல ரயில்கன் இருக்குமா இல்லையான்னு எனக்கு யாராவது சொன்னா, வேகம் எவ்ளோ, தூரம் எவ்ளோன்னு கேக்க மாட்டேன். எத்தனையாவது குண்டு வரைக்கும் தாங்கும்னு தான் கேப்பேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பரண்ல பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். அந்த ரெண்டு பக்கம் அதுல இல்லை. நாங்க கண்டுபிடிச்ச ஒரே உருப்படியான விஷயம் அதுல தான் இருந்துச்சு.

டிஸ்கி: வீட்டுல யாரும் கெப்பாசிட்டரை வச்சு விளையாடாதீங்க மக்களே. ஸ்விட்சை அணைச்சாலும் அது உயிரோட தான் இருக்கும்.