சூடாகி ஆஃப் ஆன கம்ப்யூட்டர் திரும்ப ஆன் ஆகலையா? கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இதைச் செக் பண்ணுங்க!

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் டப்பென்று ஆஃப் ஆகிறது. பெட்டியைத் தொட்டால் கொதிக்கிறது. திரும்ப பட்டனை அழுத்தினால் ஆன் ஆகவில்லை. உடனே 'மதர்போர்டு போச்சு' என்று முடிவு செய்துவிட வேண்டாம். பல நேரங்களில் காரணம் தூசியாகவோ, காய்ந்துபோன பேஸ்ட்டாகவோ இருக்கலாம்.

ஏன் தானாக ஆஃப் ஆகிறது?

நாம் பொதுவாக 'சிபியு' என்று சொல்லும் பெட்டியின் சரியான பெயர் கேபினட். அதற்குள் இருக்கும் ப்ராசஸர்தான் உண்மையான சிபியு. அதன் மேல் ஹீட் சிங்க் என்ற உலோகத் தகடும், ஒரு ஃபேனும் இருக்கும். ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவியிருப்பார்கள்.

இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு வெப்ப வரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி. இந்த வரம்பை நெருங்கினால் ப்ராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு குறையாவிட்டால் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்துவிடும். இது பழுது அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

முதலில் அரை மணி நேரம் விடுங்க

ப்ளக்கைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அதன்பிறகு என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பிரச்சனையைப் பிரித்துவிடலாம்.

1. ஆன் ஆகி, கொஞ்ச நேரத்தில் ஆஃப் ஆகிறதா?

சூடுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆன் ஆனதும் டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போனால், பல மதர்போர்டுகளில் சிபியு வெப்பநிலை தெரியும். எந்த வேலையும் ஓடாத நிலையில், சில நிமிடங்களிலேயே 80, 90 என்று ஏறினால் ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை, ஃபேன் சுற்றவில்லை அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். 'சிபியு ஃபேன் எரர்' என்று வந்தால் ஃபேனையும் அதன் வயரையும் பாருங்கள்.

இன்டெல் ப்ராசஸருடன் வரும் பல கூலர்களை 4 பிளாஸ்டிக் பின்கள்தான் பிடித்திருக்கும். அதில் ஒன்று தூக்கிக்கொண்டாலே போதும், சூடு ஏறிவிடும். ஏஎம்டியின் ஏஎம்4 மாடல்களில் கூலரை நேராக இழுக்கக் கூடாது. காய்ந்த பேஸ்ட்டோடு ப்ராசஸரும் சேர்ந்து வந்து பின்கள் வளைந்துவிடலாம். இடம் வலமாக மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். பழைய பேஸ்ட்டை முழுசாகத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுசு வைத்தால் போதும்.

2. எதுவுமே நடக்கவில்லையா?

லைட் இல்லை, சத்தம் இல்லை என்றால் கரண்ட் வரும் வழியைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் இரண்டையும் விட்டுவிட்டு, சுவர் ப்ளக்கில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? வேறு பவர் கேபிள் போட்டுப் பார்த்தீர்களா?

மதர்போர்டில் சின்ன லைட் எரிந்தும் ஆன் ஆகவில்லை என்றால், முன்பக்க பவர் பட்டன் கெட்டிருக்கலாம். லைட்டே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகப்படலாம். ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. ப்ளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கருகிய வாடை வந்தால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.

3. ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரலையா?

ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால், ப்ளக்கைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரியை 5 நிமிடம் எடுத்து வைத்து மாட்டலாம். பயாஸ் செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பும்.

சுத்தம் செய்யும்போது கவனம்

ப்ளக்கைக் கழற்றிய பிறகே கேபினட்டைத் திறங்கள். உள்ளே கை வைக்கும் முன் இரும்புப் பகுதியைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலை மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

டேட்டா போயிடுமா?

இதுதான் எல்லோருக்கும் இருக்கும் பெரிய பயம். கடைக் கணக்கு, குழந்தைகளின் போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. மதர்போர்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ கெட்டுப்போனாலும், பெரும்பாலும் டிஸ்க் அப்படியே இருக்கும். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி ஃபைல்களை எடுத்துவிடலாம். விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீ தேவைப்படும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, 'கேட்காமல் ஃபார்மேட் பண்ணக் கூடாது' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆன் ஆகாத பிரச்சனைக்கும், சூட்டினால் ஆஃப் ஆகும் பிரச்சனைக்கும் ஃபார்மேட் தீர்வு அல்ல.

திரும்ப வராமல் இருக்க

ஃபேன் வைத்த கூலரால் அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே ப்ராசஸரைக் குளிர்விக்க முடியாது. அதனால்தான் மே மாத வெயிலில் இந்தப் பிரச்சனை அதிகம். டேபிளின் மூடிய அறைக்குள் கேபினட்டை அடைக்காமல், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். முக்கியமான ஃபைல்களை பென்டிரைவிலோ இன்னொரு டிஸ்க்கிலோ இன்றைக்கே ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.