லங்காவிக் கடலில் பனிக்கட்டி மிதந்த காலம்

வரலாற்றுச் சான்று எது என்று கேட்டால் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்று மாணவர்கள் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். சரி, எழுத்தும் இல்லை, மனிதனும் இல்லை என்ற காலத்துக்கு எது சான்று? படிவுப் பாறையும் அதில் பதிந்திருக்கும் புதைபடிவமும்தான்.

இதைப் படிக்க நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. பேலியோசோயிக் ஊழி என்பது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அந்த ஊழியின் பாறைகள் லங்காவியில் வரிசையாகக் கிடைக்கின்றன. 2007இல் லங்காவி உலகப் புவிப்பூங்காவாக யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாறை சொல்லும் கதை

கேபிள் கார் ஏறும் மாச்சிஞ்சாங் மலை மணற்கல்லால் ஆனது; வயது சுமார் 50 கோடி ஆண்டு. அதில் அலை வரிகள் இன்றும் தெரிகின்றன. கடற்கரை மணலில் நாம் பார்க்கிற அதே வரிகள். ஆகவே அது ஆழமில்லாத கரையோரம். அங்குக் கிடைத்த டிரைலோபைட் என்ற கடலுயிரியின் படிவங்கள் பாறையின் காலத்தைக் காட்டின.

அதற்குப் பின் வந்தது செத்துல் சுண்ணாம்புக்கல். கணவாயின் தூரத்து உறவான, ஓடுள்ள நாட்டிலாய்டுகள் அதில் உள்ளன. இது வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலைக் காட்டுகிறது.

அடுத்துதான் புதிர். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்திய சிங்கா பாறை, நுண்ணிய சேறு இறுகி உண்டானது. அந்தச் சேற்றுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கற்கள்! சேறு படியும் அமைதியான நீர், கல்லை உருட்டி வராது. அப்படியானால் கல் எப்படி வந்தது?

கடலடியில் நடந்த மண்சரிவு கொண்டுவந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆனால், சில கற்களுக்கு அடியில் சேற்றின் மெல்லிய அடுக்குகள் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றன. மேலடுக்குகள் கல்லை மூடிப் படிந்திருக்கின்றன. அதாவது, கல் மேலேயிருந்து விழுந்திருக்கிறது. மிதந்துவந்த பனிக்கட்டி உருக, அதில் சிக்கியிருந்த கல் கடலடியில் விழுந்தது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். இந்தப் பாறைகளில் கிடைக்கும் சிப்பி போன்ற பிராக்கியோபாட் படிவங்களும் குளிர்நீர் வகையைச் சேர்ந்தவை. இரண்டு சாட்சிகள், ஒரே வாக்குமூலம்.

வெப்பமண்டலத்தில் பனியா?

அன்று லங்காவி இருந்த நிலத்துண்டு இங்கே இல்லை. தெற்கே கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் விளிம்பில் இருந்தது. அதே கண்டத்தில்தான் இந்தியாவும் இருந்தது. ஒடிசாவின் தால்சீரில் உள்ள கற்பாளப் படிவுகளுக்குப் பனியே காரணம் என்று 1856லேயே கருத்துச் சொல்லப்பட்டது. பிறகு நம் நிலத்துண்டு பிரிந்து வடக்கே நகர்ந்தது. அதனால்தான் சிங்கா பாறைக்கு மேலே மீண்டும் வெப்பக் கடலின் சூப்பிங் சுண்ணாம்புக்கல் வருகிறது.

கவனிக்க: படிவம் ஒன்று வரலாற்றில் வரும் பனியுகம் வேறு. அது மிகவும் பிந்தியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாணவர்கள் இதில் கற்க வேண்டியது என்ன?

கல் மட்டும் சான்று ஆகாது. அது இருக்கும் இடமும் சேர்ந்துதான் சான்று. அந்தக் கல்லை நினைவுப்பொருளாகப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் கூழாங்கல். வளைந்த அடுக்கு சொன்ன சேதி அத்தோடு போச்சு. கல்விச் சுற்றுலா போகும்போது படம் எடுங்கள், வரைந்துகொள்ளுங்கள், பெயர்க்காதீர்கள்.

வகுப்பில் கலந்துரையாட:
1. மண்சரிவு விளக்கத்தைவிடப் பனிக்கட்டி விளக்கம் ஏன் பொருத்தமானது?
2. ஒரே சான்றை நம்பி முடிவெடுப்பதில் என்ன ஆபத்து? வரலாற்றுப் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.